விளையாட்டுச் சங்கமும் கணக்குப் புத்தகமும்

சென்னை மாநகராட்சி 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாத இறுதியில் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. செயற்கைப் புல் விரித்த ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது என்றும், அங்கே விளையாட வருகிறவரிடம் மணிக்குத் தலைக்கு 120 ரூபாய் வசூலித்துக்கொள்ளலாம் என்றும் அத்தீர்மானம் கூறிற்று. ஊரில் கூச்சல் எழுந்தது. பயிற்சியாளர்களும் விளையாட்டு வீரர்களும் பல கட்சியினரும் கண்டித்தனர். சில நாட்களுக்குள் அந்த யோசனை கைவிடப்பட்டது. மைதானங்கள் முன்போலவே கட்டணமின்றி இருக்கும் என்று அறிவிப்பும் வந்தது. தவறு செய்தவர் அதைத் திருத்திக்கொண்ட பிறகும் இடித்துக்கொண்டே இருப்பது நம் வழக்கமன்று. ஆகையால் அதை மீண்டும் கிளறுவது நம் நோக்கமல்ல. ஆனால் அந்த 120 ரூபாய் என்ற எண்ணை மட்டும் நமது நேயர்கள் மறந்துவிடக் கூடாது என்று விரும்புகிறோம். ஒரு சிறு எண், ஓர் ஊரின் பிள்ளைகளை மைதானத்திலிருந்து எவ்வாறு வெளியேற்றிவிடக்கூடும் என்பதை அது காட்டிற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாம்பரத்திலோ, சேலையூரிலோ, குரோம்பேட்டையிலோ நாற்பது பிள்ளைகள் கொண்ட ஒரு சிறு விளையாட்டுச் சங்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் பயிற்சி. அந்த விகிதப்படி நாள் ஒன்றுக்கு 4,800 ரூபாய். மாதத்தில் 26 நாட்கள் பயிற்சி நடந்தால் 1,24,800 ரூபாய். அதே சங்கத்துக்கு வரும் சந்தா எவ்வளவு? மாதம் 200 ரூபாய் என்று வைத்தால், நாற்பது பேரும் தவறாமல் கொடுத்தாலும் 8,000 ரூபாய்தான். நாற்பது பேரும் கொடுப்பதில்லை என்பது இத்தகைய சங்கம் நடத்தியவர்களுக்குத் தெரியும். பதினைந்து பேருடைய பெற்றோர் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களாக இருப்பர். அவர்களிடம் காரியதரிசி வாய் திறந்து கேட்கமாட்டார். ஆகக் கைக்கு வருவது 5,000 ரூபாய். ஐயாயிரம் வருமானமுள்ளவனிடம் ஒன்றேகால் லட்சம் வாடகை கேட்பது, அவனை வெளியே போ என்று சொல்வதற்குச் சமானம். வெளியே போ என்று சொல்லும்போது உள்ள நேர்மைகூட அதில் இல்லை.

மைதானத்துக்கு வாடகை இல்லாதிருக்கும்போதே இச்சங்கத்தின் நிலைமை என்ன என்பதையும் பார்க்கவேண்டும். இரண்டு பயிற்சியாளருக்குப் போக்குவரத்துக்கும் காப்பிக்குமாக மாதம் 8,000 ரூபாய் என்றால், அதைச் சம்பளம் என்று சொல்ல நாக்கூசும். பந்து, வலை, முதலுதவிப் பெட்டி இவற்றுக்கு 2,000. வெளியூர்ப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம், ரயில் செலவு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு இவற்றைச் சராசரியாக மாதத்துக்கு 3,000 என்று குறைத்தே போடுவோம். மொத்தம் 13,000. வரவு 5,000. மாதந்தோறும் துண்டு விழுவது 8,000. வருஷத்துக்கு 96,000 ரூபாய். இந்தத் தொகையை யார் கொடுக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. விடை என்னவோ எல்லாருக்கும் தெரியும். காரியதரிசி கொடுக்கிறார். அவர் ரயில்வேயிலோ, பள்ளிக்கூடத்திலோ, ஏதோ ஒரு கம்பெனியிலோ வேலை பார்ப்பவர்; தாமே ஒரு காலத்தில் ஆடியவர். வீட்டுக்காரியின் வாயில் விழாமல் மாதம் இரண்டாயிரம் மூவாயிரம் எடுத்துவிடுகிறார். மற்றொரு பங்கைப் பழைய ஆட்டக்காரர் ஒருவர் தீபாவளிக்கு ஒரு முறை மனமிரங்கிக் கொடுக்கிறார். எஞ்சியதைப் பயிற்சியாளர் தம் கூலியை விட்டுக்கொடுத்துச் சரிக்கட்டுகிறார். இப்படி எழுதப்படாத மூன்று வரவுகளின் மேல்தான் நமது புறநகர்களின் விளையாட்டுச் சங்கங்கள் நின்றுகொண்டிருக்கின்றன. நான்காவது வரவு ஒன்றும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அது வாடகையில்லாத மண்.

அந்த மண்ணைப் பற்றிச் சற்றுச் சொல்லவேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்கென்று ஓர் ஆரோக்கிய நிலையத்தைத் தாம்பரத்தில் ஏற்படுத்தினார். பட்டணத்துப் புகையும் நெரிசலும் இல்லாத நல்ல காற்று அப்பகுதியில் இருந்ததே காரணம். இன்றைக்கும் அங்குள்ள ரயில் நிலையம் ‘சானடோரியம்’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் விசாலமான இடம் தேடித்தான். 1949-ல் ஸ்ரீ சி. ராஜம் தமது மாளிகையை விற்ற பணத்தைக் கொண்டு குரோம்பேட்டையில் தொழில்நுட்பக் கல்லூரியை ஸ்தாபித்ததும் அந்த விசாலத்தை நம்பியே. காற்றுக்கும் வெளிக்கும் பேர்போன பூமி இது. இன்று அங்கே மாலை வேளையில் ஒரு பையன் பந்தை உதைத்தால் அது யாராவது ஒருவருடைய மோட்டார் வண்டியின் கண்ணாடியில் போய் விழுகிறது. மனைகள் பிரிக்கப்பட்டன, மனைகளின் மேல் மாடிகள் எழுந்தன, மாடிகளின் மேல் மாடிகள் எழுந்தன. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவெளியாக ஒதுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கு எத்தனை இடங்களில் விளையாடக்கூடிய மண்ணாக இருக்கிறது, எத்தனை இடங்களில் தண்ணீர்த் தொட்டியாகவும் மூலையில் ஒடுங்கிய புல்தரையாகவும் இருக்கிறது என்று அந்தந்தப் பேட்டைவாசிகளே ஒரு முறை நடந்துபோய்ப் பார்க்கலாம்.

மண் குறைந்ததும் மண்ணுக்கு விலை வந்தது. தனியார் சிலர் காலி மனைகளில் பச்சைப் பாயை விரித்து, வலை கட்டி, விளக்குப் போட்டு, மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களை நாம் குறை கூறவில்லை. முதல் போட்டவன் வட்டி எடுக்கத்தான் பார்ப்பான். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் பத்துப் பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டு இரவு பத்து மணிக்கு ஆடுகிறார்கள், ஆடட்டும். தேகத்துக்கு நல்லது. ஆனால் அந்த வியாபாரத்தைப் பார்த்து நகரசபைகளுக்கும் ஆசை வந்துவிடுவதுதான் ஆபத்து. தனியார் மணிக்கு இத்தனை சம்பாதிக்கும்போது நம் மைதானம் ஏன் சும்மா கிடக்கவேண்டும் என்று ஒரு கமிஷனருக்கோ கவுன்சிலருக்கோ தோன்றுவது இயல்பு. சும்மா கிடக்கிறதா? காலை ஐந்தரை மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் போய்ப் பார்த்தவர் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்.

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உண்டாயிற்று. எழுபது வார்டுகள் கொண்ட இளம் மாநகராட்சி அது. இளமையில் பிறர் அனுபவத்தைக் கொண்டு கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. சென்னை பட்டுத் தெரிந்துகொண்டதைத் தாம்பரமும் பட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதில்லை.

இவ்வளவும் சர்க்காருக்கும் நகரசபைக்கும் சொல்லவேண்டியது. இனிச் சொல்லப்போவது சங்கங்களுக்கு. இது சிலருக்குக் கசக்கும். நாமும் ஒரு வக்கீலாக இருந்து பார்த்த காரணத்தால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

சங்கங்கள் உடைவதைப் பார்த்திருக்கிறோம். திருடனால் உடைந்த சங்கங்கள் வெகு சில. யோக்கியனால் உடைந்த சங்கங்களே அதிகம். யோக்கியன் எப்படிச் சங்கத்தை உடைப்பான் என்று கேட்கலாம். அவன் தன் கைப்பணத்தைப் போட்டுச் செலவு செய்கிறான், எழுதிவைப்பதில்லை. நன்கொடை வந்தால் அதையும் தன் பையில் வாங்கிச் செலவு செய்கிறான், ரசீது கொடுப்பதில்லை. இந்தக் காலத்தில் பையும் வேண்டாம். காரியதரிசியின் கைபேசி எண்ணுக்கே எல்லாரும் பணம் அனுப்பிவிடுகிறார்கள். அவருடைய சம்பளம் விழுகிற பாங்குக் கணக்கில் பிள்ளைகளின் சந்தாவும் விழுகிறது. அதிலிருந்தே மளிகைக் கடைக்கும் போகிறது, பந்துக் கடைக்கும் போகிறது. ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள், போட்டிக்கு யாரை அனுப்புவது என்பதில் ஒரு மனஸ்தாபம் வருகிறது. அப்போது ஒருவர், ‘போன வருஷம் வந்த ஐம்பதினாயிரம் என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார். ஐம்பதினாயிரம் வந்ததற்கு மேல் இன்னும் முப்பதினாயிரம் தன் பணத்தைச் செலவழித்த மனிதனால் ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்ட முடிவதில்லை. அவன் கண் கலங்குகிறது. கோபம் வருகிறது. மறுநாள் முதல் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறான். அடுத்த மாதம் பிள்ளைகளும் இல்லை. அவன் இத்தனை வருஷம் கொட்டிக் கொடுத்த பணம் எல்லாம், எழுதப்படாத காரணத்தால், கொடுக்கப்படாததாகவே போய்விட்டது.

எழுதாத தியாகத்துக்கு மற்றொரு தீமையும் உண்டு. காரியதரிசி மாதம் மூவாயிரம் தம் பணத்தைப் போடுகிறார் என்பது புத்தகத்தில் ஏறாதபோது, இச்சங்கம் ஐயாயிரம் ரூபாயிலேயே நடந்துவிடுகிறது என்று பெற்றோர் நினைத்துக்கொள்கிறார்கள். கொடுக்கக்கூடியவர்களும் கொடுப்பதில்லை. நகரசபையும் அப்படியே நினைக்கிறது. அவருக்குப் பின் வருபவர் பொறுப்பேற்ற முதல் மாதமே மூச்சுத் திணறிப்போகிறார். கௌரவத்துக்காக மறைத்த செலவு, வாரிசுக்கு வைத்த கடன்.

செல்வரின் பணத்தால் பிறந்த சங்கங்கள் நம் நாட்டில் இல்லாமலில்லை. மதராஸில் வெள்ளைக்காரருடைய கிரிக்கெட் கிளப்பில் இந்தியருக்குச் சமத்துவம் இல்லாதிருந்த காலத்தில், 1888-ல், ஸ்ரீ புச்சிபாபு நாயுடு மதராஸ் யுனைட்டெட் கிளப்பை ஏற்படுத்தினார். தம்மவர் தலைநிமிர்ந்து ஆட ஓர் இடம் வேண்டும் என்ற ரோஷமே அதற்குக் காரணம். செல்வமும் அவரிடம் இருந்தது. இந்தியரும் ஐரோப்பியரும் எதிரெதிராக ஆடும் பந்தயத்துக்கு முயன்று ஏற்பாடு செய்தார். 1908-ல் அப்பந்தயம் நடைபெறுவதற்குச் சற்று முன் அவர் காலமானார். அவர் போனபின் கிளப்பும் போய்விடவில்லை. அடுத்த வருஷமே அவர் பெயரால் ஒரு போட்டியும் தோன்றிற்று. ஒருவருடைய பணம் அஸ்திவாரமாக இருக்கலாம். கூரையையும் அவரே கைகளால் தாங்கிக்கொண்டு நிற்கவேண்டும் என்றிருக்கக் கூடாது. இன்று வியாசர்பாடியில் ஸ்ரீமான்கள் உமாபதி, தங்கராஜ் என்ற இருவர் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் மாலைப் பாடமும் சேர்த்துக் கற்பிக்கும் பணியை 1990-களின் பிற்பகுதியில் தொடங்கினார்கள். அவர்கள் செல்வர்களல்லர். தம் முயற்சியைத் தனி மனிதரின் தயவாக விடாமல் பதிவு செய்த ஒரு சங்கமாக அமைத்துக்கொண்டார்கள். வட சென்னையில் முடிந்தது தென் சென்னைப் புறநகரில் முடியாதென்று சொல்ல நியாயம் இல்லை.

சட்டம் கேட்பது அப்படியொன்றும் மலையல்ல. 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். நோக்கத்தையும் விதிகளையும் எழுதிக் கொடுக்கவேண்டும். வருஷந்தோறும் மகாசபை கூட்டவேண்டும். வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்யவேண்டும். ஒரு விஷயத்தைச் சொன்னால் நமது நேயர்கள் வியப்படைவார்கள். இந்தியக் கிரிக்கெட்டை ஆளும் போர்டும் இதே சட்டத்தின் கீழ் உள்ள ஒரு சங்கம்தான். மாடம்பாக்கத்துப் பையன்கள் தகரக் கொட்டகையில் நடத்தும் சங்கத்துக்கும், ஐ.பி.எல். பந்தயத்தின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமையை 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற ஸ்தாபனத்துக்கும் சட்டம் ஒன்றே! அந்தப் பெரிய சங்கத்தின் நிர்வாகத்தை ஒழுங்குபடுத்த உச்ச நீதிமன்றமே லோதா கமிட்டியை நியமித்து, 2016-ல் அதன் சிபார்சுகளில் பெரும்பாலானவற்றை ஏற்று உத்தரவிட வேண்டியிருந்தது. நிர்வாகத்தில் அரசாங்கத் தணிக்கைத் துறையின் பிரதிநிதி ஒருவர் இருக்கவேண்டும் என்பது அந்தச் சிபார்சுகளில் ஒன்று. பணம் பெருத்த இடத்தில் கணக்குக் கேட்க நீதிமன்றம் வருகிறது. பணம் சிறுத்த இடத்தில் கேட்பதற்கு யாரும் வரமாட்டார். அங்கே கணக்கைத் தானே முன்வந்து காட்டுவதுதான் வழி.

வருமான வரி விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. விளையாட்டை வளர்ப்பது தர்ம காரியமா என்ற சந்தேகத்துக்கு மத்திய நேரடி வரிகள் வாரியம் 1984 செப்டம்பரிலேயே, அதுவும் தர்ம நோக்கமே என்று சுற்றறிக்கை மூலம் பதில் கூறிவிட்டது. ஆகவே நமது சிறு சங்கங்கள் தர்ம ஸ்தாபனம் என்று பதிவு பெறலாம். நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கும் சான்றும் பெறலாம். இச்சான்றை வைத்துக்கொண்டுதான் பல காரியதரிசிகள் வருஷக் கடைசியில், மார்ச் மாதத்தில், மத்தியதர வகுப்பார் வீட்டுக் கதவைத் தட்டுவது வழக்கமாக இருந்தது. ‘ஐயா, வரியாகக் கட்டுவதை எங்களுக்குக் கொடுங்கள்’ என்பது அவர்களுடைய பேச்சு. அந்தப் பேச்சு இனிச் செல்லாது. 2023 ஏப்ரல் முதல், தாமாக விலகிக்கொள்ளாதவர் எல்லாருக்கும் புதிய வரிமுறையே பொருந்தும் என்றாயிற்று. அதில் தனிமனிதரின் நன்கொடைக்குக் கழிவு கிடையாது. 2025 ஏப்ரலில் தொடங்கிய வருஷத்துக்கு, அந்த வரிமுறையில் உள்ளவருக்கு 12 லட்சம் ரூபாய் வரையிலான சம்பாத்தியத்துக்கு வரியே இல்லாமலாக்கினார்கள். தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் வாழும் குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் வரிக்கழிவு என்ற தூண்டில் இனி எதற்கு? மீன் அந்தக் குளத்தை விட்டே போய்விட்டது.

இது நஷ்டம் என்று பல சங்கத்தார் புலம்புகிறார்கள். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வரிக்காகக் கொடுத்தவர் ரசீதைப் பார்த்தார், சங்கத்தைப் பார்க்கவில்லை. இனிக் கொடுப்பவர், தம் பணம் எந்தப் பையனின் காலில் செருப்பாயிற்று என்று கேட்பார். கேட்கட்டும். முன்னே சொன்ன 96,000 ரூபாய்த் துண்டை எண்பது குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் வீதம் கொடுத்தால் அடைத்துவிடலாம். எண்பது குடும்பங்கள் என்பது இன்றைய சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். ஒரு தெரு கூட அல்ல. மாதம் நூறு ரூபாய் கொடுக்க முடியாதவர்கள் அங்கே இல்லை. யாரை நம்பிக் கொடுப்பது என்று தெரியாமல் கொடுக்காமலிருப்பவர்கள்தான் இருக்கிறார்கள். நம்பிக்கையை உண்டாக்கும் ஆயுதம் கணக்கு.

பிரிட்டனில் 2002 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஊர்மக்கள் நடத்தும் சிறு விளையாட்டுக் கிளப்புகள் தனியாகப் பதிவு செய்துகொண்டால், கட்டடத்துக்குரிய உள்ளூர் வரியில் நூற்றுக்கு எண்பது தள்ளுபடி. நன்கொடை கொடுப்பவர் ஒரு பவுன் கொடுத்தால், அவர் கட்டிய வரியிலிருந்து சர்க்கார் இருபத்தைந்து பென்ஸ் சேர்த்துக் கிளப்புக்கே தருகிறது. கொடுத்தவர் கைக்கு அல்ல, கிளப்பின் கைக்கு! இதற்குப் பிரதியாகக் கிளப்பு எல்லாருக்கும் திறந்திருக்கவேண்டும். ஏழைக்கு எட்டாத கட்டணம் வைக்கக் கூடாது. ஆதாயத்தை மெம்பர்கள் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. வெள்ளைக்காரன் செய்வதெல்லாம் வேதம் என்று நாம் சொல்பவர்களல்லர். நம்மை ஆண்டபோது இந்த நியாயத்தை அவன் நமக்குக் காட்டியதில்லை. ஆனால் தன் ஊர்ப் பையனுக்கு அவன் செய்துகொண்டதை நம் ஊர்ப் பையனுக்கு நாம் செய்துகொள்வதில் வெட்கமில்லை.

நம் நாட்டில் பெரும் பணம் ஓரிடத்தில் இருக்கத்தான் இருக்கிறது. 2013-ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம், ஓர் அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டைப் பொதுக் காரியத்துக்குச் செலவிடவேண்டும் என்கிறது. அக்காரியங்களின் பட்டியலில் கிராம விளையாட்டுக்கும் ஒலிம்பிக் விளையாட்டுக்கும் பயிற்சி தருவதும் சேர்ந்திருக்கிறது. தான் தொழில் செய்யும் பிரதேசத்துக்கு முதலிடம் கொடுக்கவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. தாம்பரம் சானடோரியத்தில் 1984 முதல் ஏற்றுமதித் தொழில் மண்டலம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே மறைமலை நகர் வரை ஆலைகள் இருக்கின்றன. இவற்றில் சட்டத்தின் அளவுக்குள் வருபவை, தம் மதிற்சுவருக்கு அப்பால் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கக் கடமைப்பட்டவை. ஏன் பார்ப்பதில்லை? அவர்களிடம் கேட்டால், ‘சங்கத்துக்கு வருமான வரிப் பதிவு உண்டா, நன்கொடைச் சான்று உண்டா, கம்பெனி இலாகாவில் பதிவு எண் உண்டா, தணிக்கையான கணக்கு உண்டா?’ என்று கேட்பார்கள். 2021 ஏப்ரல் முதல் இப்பதிவுகள் இல்லாத ஸ்தாபனத்தின் மூலம் அப்பணத்தைச் செலவிட இடமில்லை. 96,000 ரூபாய் தேடும் காரியதரிசி, இத்தனை பதிவுக்கும் ஆடிட்டருக்கும் வருஷம் எவ்வளவு கொடுப்பார்? பந்து வாங்கும் பணம் பத்திரத்துக்குப் போய்விடும்.

இதற்கு நாம் கூறும் வழி ஒன்றே. தாம்பரம் வட்டாரத்திலுள்ள சிறு சங்கங்கள், கால்பந்தாகட்டும், கபடியாகட்டும், கைப்பந்தாகட்டும், தனித்தனியே பதிவுகளைத் துரத்துவதை விட்டு, ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். பதிவுகள் அதன் பெயரில் இருக்கட்டும். ஒரு பாங்குக் கணக்கு, ஒரு கணக்கர், ஓர் ஆடிட்டர். இருபது சங்கங்கள் சேர்ந்தால் ஆடிட்டர் செலவில் ஒவ்வொருவருக்கும் இருபதில் ஒரு பங்குதான். கம்பெனிக்காரரும் இருபது கதவுகளைத் தட்டவேண்டியதில்லை. ஒவ்வொரு சங்கமும் தன் ஆட்டத்தையும் தன் சட்டைநிறத்தையும் தன் சண்டைகளையும் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பணப்பெட்டியின் சாவியை மட்டும் பொதுவில் வைக்கவேண்டும். இதில் கஷ்டம் இல்லையென்று நாம் சொல்லவில்லை. யார் அக்கிராசனர் என்பதிலேயே ஆறு மாதம் கழிந்துவிடக்கூடும். நம்மவர் குணம் நமக்குத் தெரியாததல்ல. அரசியல்வாதிகளைக் கௌரவத் தலைவர்களாக வைக்க ஆரம்பித்தால் ஆறு மாதம் ஆறு வருஷமாகும். தலைவர் பதவியைச் சங்கங்கள் வருஷம் ஒன்றாகச் சுற்றி வகித்தால் போதும்.

மாநகராட்சியிடமும் ஒரு வேண்டுகோள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஆதாய நோக்கமின்றிப் பயிற்சி தரும் சங்கங்களுக்குக் காலை இரண்டரை மணி நேரமும் மாலை இரண்டரை மணி நேரமும் மாநகராட்சியின் மைதானங்கள் கட்டணமின்றி உரியவை என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும். வாய்வார்த்தை போதாது, கமிஷனர் மாறினால் வாய்வார்த்தையும் மாறிவிடும். மற்ற நேரங்களில் கம்பெனிகளின் போட்டிக்கும் பெரியவர்களின் ஆட்டத்துக்கும் கட்டணம் வாங்கி, அப்பணத்தை அந்த மைதானத்தின் விளக்குக்கும் தண்ணீருக்கும் கழிப்பிடத்துக்குமே செலவிடட்டும். அதையும் கணக்கில் காட்டட்டும். பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதானதும் மைதானத்தை விட்டு நின்றுவிடுகிறார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுகிறோம். கழிப்பிடம் இல்லாத மைதானத்துக்கு எந்தத் தாய் தன் மகளை அனுப்புவாள்?

பிரதியாகச் சங்கத்திடம் மாநகராட்சி ஒன்றே ஒன்று கேட்கலாம். வருஷக் கணக்கை, தமிழில், பெற்றோர் படிக்கக்கூடிய எழுத்தில், மைதானத்துச் சுவரில் ஒட்டவேண்டும். காரியதரிசி தம் கையிலிருந்து போட்டதையும் அதில் ‘காரியதரிசி நன்கொடை’ என்று எழுதவேண்டும். தற்பெருமையாக இருக்குமே என்று அவர் கூசினால், கூச்சத்தை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறோம். பயிற்சியாளர் விட்டுக்கொடுத்த கூலியையும் எழுதவேண்டும். எத்தனை பிள்ளைகள் சந்தா இல்லாமல் ஆடுகிறார்கள் என்ற எண்ணிக்கையை எழுதவேண்டும். அவர்கள் பெயரை எழுதக் கூடாது.

இப்படியெல்லாம் கேட்டால் சேவை செய்ய எவர் முன்வருவார் என்று நண்பர் ஒருவர் நம்மிடம் ஆட்சேபித்தார். பத்து ரூபாய்க்குப் பந்துக்குக் காற்றடித்ததற்கும் ரசீதா என்று சிரித்தார். பத்து ரூபாய்க்கு ரசீது வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வரி போதும். மாலையில் வீட்டுக்குப் போகுமுன் ஐந்து நிமிஷம். பிள்ளைகளில் பெரியவனாக ஒருவனை அழைத்து எழுதச் சொன்னால், அவன் கணக்கும் கற்றுக்கொள்வான். தன் கால்சட்டைக்கு யார் பணம் கொடுத்தது என்றும் தெரிந்துகொள்வான்.

தாம்பரம் முதல் பல்லாவரம் வரையிலும், கிழக்கே மேடவாக்கம், வேளச்சேரி வரையிலும் உள்ள இளைஞர் விளையாட்டுச் சங்கங்கள் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான தம் வரவு செலவுக் கணக்கை இருவர் கையெழுத்துடன் நமது காரியாலயத்துக்கு அனுப்பினால், அவற்றைக் கட்டணமின்றி வெளியிட ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் இரண்டு பத்திகள் ஒதுக்க முடிவு செய்திருக்கிறோம். ஐயாயிரம் ரூபாய்க் கணக்கானாலும் வெளியிடுவோம். துண்டு விழுந்த கணக்கை முதலில் வெளியிடுவோம்.